ஒரு வரி விகிதம் மாற எத்தனை டீம் வேண்டும்?

கேள்வி: வணக்கம் மேடம். கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இன்ஜினியரிங் மேனேஜராக இருக்கிறேன். ரெடிமேட் மொத்த வியாபாரிகளுக்கான பில்லிங், ஸ்டாக் மென்பொருள் எங்களுடையது. ஆரம்பத்தில் 7 பேர் இருந்தோம். இப்போது 52 பேர்: ஸ்கிரீன் எழுதும் ஃப்ரன்ட்எண்டில் 14, பின்னால் ஓடும் நிரலை எழுதும் பேக்எண்டில் 18, டேட்டாபேஸில் 5, டெஸ்டிங்கில் 11, சர்வர் பராமரிப்பில் 4. ஆள் ஏற ஏற வேலை மெதுவாகிறது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியபோது, ரெடிமேட் துணிக்கு 5 சதவீத வரிக்கு 1000 ரூபாய் என்று இருந்த விலை வரம்பை 2500 ஆக்க வேண்டியிருந்தது. அந்த 1000 ஸ்கிரீனில், பேக்எண்டில், டேட்டாபேஸுக்குள் ஓடும் ஸ்டோர்டு புரொசீஜரில், டெஸ்டிங் டீமின் ஆட்டோமேஷன் ஸ்கிரிப்ட்டில் என்று நான்கு இடத்தில் இருந்தது. விற்பனை விவரத்தைத் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1 ரிப்போர்ட்டுக்கான புரொசீஜரில் இருந்தது மட்டும் மாற்றாமல் தப்பிவிட்டது. அக்டோபரில் ஆடிட்டர்களிடமிருந்து போன் மேல் போன்.

புதிதாக வந்திருக்கும் ஆர்க்கிடெக்ட், எல்லாவற்றையும் முப்பது மைக்ரோசர்வீஸாக, அதாவது தனித்தனியாக ஓடும் குட்டி நிரல்களாக உடைக்கலாம், ஒரு வருஷம் ஆகும் என்கிறார். நெட்ஃபிளிக்ஸே அப்படித்தான் என்பதால் எங்கள் எம்.டி.க்கும் ஆசை. முதல் 7 பேரில் ஒருவரான பேக்எண்ட் லீட் கூடவே கூடாது என்கிறார். அவரைக் கேட்காமல் எதுவும் நகராது என்பதும் உண்மை. உடைக்கலாமா? டீமை எப்படிப் பிரிப்பது? அவரை என்ன செய்வது?

பதில்: வணக்கம். உடைக்கலாமா என்பதற்கு என் பதில், இப்போதைக்கு வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை உங்கள் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த 1000 இருந்த நான்கு இடங்களையும் உங்கள் டீம் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டீமுக்கு ஒரு 1000 இருக்கிறது. சர்வர் பராமரிப்பு டீமிடம் மட்டும் இல்லை, அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. இது யாருடைய சோம்பலாலும் வந்ததில்லை. விலையைத் தட்டியதுமே வரி எவ்வளவு என்று ஸ்கிரீனில் காட்ட வேண்டும். அதற்கு பேக்எண்டிடம் ஒரு ஏபிஐ (அவர்கள் நிரலிடம் பதில் கேட்கும் வழி) கேட்டால் டிக்கெட் (வேலைக் கோரிக்கை) போட வேண்டும், அடுத்த ஸ்பிரிண்ட்டில், அதாவது அடுத்த வேலைச் சுற்றில் வரும், அதற்கடுத்ததில் சரியாகும். ஃப்ரன்ட்எண்ட் பையன் என்ன செய்வான்? 1000 என்று அவனே எழுதிவிட்டுப் போவான். டேட்டாபேஸ் ஆளும் அதையேதான் செய்திருப்பார். பக்கத்து டீமைக் கேட்பது ஒரு வாரம், தானே எழுதுவது ஒரு வரி. எல்லோரும் அவரவர் இடத்தில் புத்திசாலித்தனமாகத்தான் நடந்திருக்கிறார்கள்.

மெல்வின் கான்வே என்ற அமெரிக்கக் கணினி நிபுணர் இதை 1968-லேயே எழுதிவிட்டார். ஒரு நிறுவனம் வடிவமைக்கும் அமைப்பு, அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் அச்சாகவே வரும் என்றார். ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ அந்தக் கட்டுரையை நிரூபணம் இல்லை என்று திருப்பி அனுப்பியது, டேட்டாமேஷன் பத்திரிகை போட்டது. நிரூபணம் போன்ற ஒன்று நாற்பது வருஷம் கழித்து வந்தது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் நாச்சியப்பன் நாகப்பனும் அவருடைய சக ஆய்வாளர்கள் இருவரும் விண்டோஸ் விஸ்டாவை எடுத்து, எந்தப் பகுதிகளில் கோளாறு வரும் என்பதை முன்கூட்டிக் கணிக்க முடியுமா என்று 2008-ல் பார்த்தார்கள். நிரலின் சிக்கலான தன்மை, எத்தனை முறை மாற்றப்பட்டது, எவ்வளவு டெஸ்ட் ஆனது ஆகிய அளவுகளைவிட, அதில் கை வைத்தவர்கள் நிறுவனத்தில் எப்படிச் சிதறிக் கிடந்தார்கள் என்ற அளவே நன்றாகக் கணித்தது. துல்லியம் சுமார் 86 சதவீதம்.

உங்கள் பிரச்சினைக்கு இது நேராகப் பொருந்தும். டீம்களை இப்படியே வைத்துக்கொண்டு மென்பொருளை மட்டும் முப்பதாக உடைத்தால், 1000 முப்பது சர்வீஸுக்குள் போய் உட்காரும். இப்போதாவது ஒரே இடத்தில் தேடினால் நான்கும் கிடைக்கிறது. நாளைக்கு முப்பது ரெப்போவில், அதாவது முப்பது நிரல் கிடங்கில் தேட வேண்டும்.

ஆகவே முதலில் பிரிக்க வேண்டியது ஆட்களை. எந்தக் கோட்டில் பிரிப்பது?

உங்கள் ஊர்ப் பக்கத்துத் தொழிலையே எடுத்துக்கொள்ளலாம். திருப்பூர் கம்பெனிகளில் கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என்று வரிசையாகத் துணி நகர்கிறது. அங்கே அது சரி, பத்தாயிரம் பீஸும் ஒரே மாதிரி. உங்கள் 52 பேரும் கிட்டத்தட்ட அதே வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் உங்களுக்கு வரும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு புது டிசைன். கட்டிங்கில் இருப்பவருக்கு தையலில் என்ன சிக்கல் வரும் என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றும் இரண்டு தடவை திரும்பி வரும்.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். கடைசியாக முடிந்த பத்து டிக்கெட்டை எடுங்கள். ஒவ்வொன்றும் எந்தெந்த நாள் யார் கையில் உண்மையிலேயே வேலையில் இருந்தது, எந்தெந்த நாள் யாருடைய பட்டியலில் சும்மா கிடந்தது என்று போர்டில் இரண்டு கலரில் குறியுங்கள். எம்.டி.யைக் கூப்பிட்டு அந்த போர்டுக்கு முன்னால் நிற்க வையுங்கள். நான் பார்த்த எல்லா இடங்களிலும் காத்திருந்த கலர்தான் அதிகம். இன்னும் பத்து பேரை எடுத்தால் வேகம் வரும் என்ற பேச்சு அந்த போர்டுக்கு முன்னால் எடுபடாது. 7 பேர் இருந்தபோது இருவர் இருவராகப் பேச 21 ஜோடிகள்தான், 52 பேருக்கு 1326.

அப்புறம், அந்தப் பத்து டிக்கெட்டும் எங்கிருந்து கிளம்பின என்று பாருங்கள். உங்கள் தொழிலில் மாற்றம் வருகிற வாசல்கள் நான்கைந்துதான் இருக்கும். ஒன்று அரசாங்கம். பில்லை அரசாங்க போர்ட்டலில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதல் உள்ளவர்களுக்கு என்று ஆரம்பித்து, 100, 50, 20, 10 என்று படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட்டில் 5 கோடிக்கு வந்தது. ஒவ்வொரு படிக்கும் உங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு கூட்டம் புதிதாக உள்ளே வந்திருக்கும். 2025-ல் செப்டம்பர் 3 ராத்திரி அறிவித்து 22 முதல் அமல் என்றார்கள், மூன்று வாரம்கூட இல்லை. இந்த வாசலுக்கு ஒரு டீம்: வரியும் பில்லிங்கும். இரண்டாவது வாசல் குடோன்: சைஸ், கலர், பண்டல், கொள்முதல், திரும்பி வந்த சரக்கு. மூன்றாவது வசூல்: பாக்கி, லெட்ஜர், செக். நான்காவது, ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுக்கும் சேல்ஸ்மேனின் மொபைல் ஆப். ஐந்தாவது, புது வாடிக்கையாளரைச் சேர்ப்பது, அவருடைய பழைய மென்பொருளிலிருந்து டேட்டாவைக் கொண்டுவருவது. இந்தக் கடைசியை எல்லா நிறுவனமும் சப்போர்ட் வேலை என்று ஒதுக்கும். விற்பனை மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் அதுதான். எனவே நல்ல ஆட்களைப் போடுங்கள்.

ஒவ்வொரு டீமிலும் எட்டு ஒன்பது பேர். ஸ்கிரீன் எழுதுபவர், பேக்எண்ட் எழுதுபவர், டெஸ்ட் செய்பவர் எல்லோரும் ஒரே மேஜையில். இரண்டு பீட்சாவில் பசியாறும் அளவு டீம் என்று அமேசானில் சொல்வார்கள். எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியம், வரி விகிதம் மாறினால் அந்த டீம் வேறு யாருக்கும் டிக்கெட் போடாமல் ரிலீஸ் வரை கொண்டுபோக முடிகிறதா என்பது. முடிந்தால் கோடு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

மீதிப் பேர் ஆறாவது டீம், பிளாட்ஃபார்ம். சர்வர் பராமரிப்பு நால்வரும், டேட்டாபேஸில் இரண்டு மூன்று பேரும். டேட்டாபேஸ் ஐந்து பேரை ஐந்து டீமுக்கும் ஆளுக்கொருவராகப் பங்கு போடத் தோன்றும், செய்யாதீர்கள். பேக்கப், அப்கிரேட், ராத்திரி இரண்டு மணிக்குத் தொங்கும் க்வெரி, இவற்றை ஒரே ஆள் தலையில் கட்ட முடியாது. மற்றவர்கள் பில்லிங்குக்கும் ஸ்டாக்குக்கும் போகட்டும், கனமான க்வெரிகள் அங்கேதான். பிளாட்ஃபார்ம் டீமுக்கு ஒரு நிபந்தனை வையுங்கள்: 'டெப்ளாய் செய்து கொடுங்கள்' (எழுதியதை சர்வரில் ஏற்றிக் கொடுங்கள்) என்று யாரும் அவர்களிடம் வந்து நிற்கக் கூடாது. டீம்களே பட்டனைத் தட்டி டெப்ளாய் செய்துகொள்ளும்படி அமைத்துக் கொடுப்பதுதான் அவர்கள் வேலை. இல்லாவிட்டால் பழைய க்யூ புதுப் பெயரில் நீளும்.

டெஸ்டிங் டீமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எதிர்ப்பு அங்கிருந்துதான் வரும். 11 பேருக்கும் இப்போது ஒரு ஹெட் இருக்கிறார், ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, ஒன்றாக டீ குடிக்கப் போகிறார்கள். டீமுக்கு இரண்டு பேராகப் பிரித்தால் முதல் கேள்வி 'என் அப்ரைசலை யார் எழுதுவார்?' என்றுதான் இருக்கும். டெவலப்பராக இருந்து லீட் ஆனவர் டெஸ்டரின் வேலையை எப்படி மதிப்பார் என்ற பயம் நியாயமானது. புது டீம் அறிவிப்பதற்கு முன்பே இதற்குப் பதில் தயாராக இருக்கட்டும். அன்றாட வேலையை டீம் லீட் பார்க்கட்டும். அப்ரைசலும் பதவி உயர்வும் இப்போதைய டெஸ்டிங் ஹெட்டிடமே, குறைந்தது அடுத்த ஒரு சுற்றுக்காவது இருக்கட்டும். இரண்டு முதலாளி போலத் தெரியும், கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளலாம். அந்த ஹெட்டுக்கும் ஒரு வேலை தெளிவாக இருக்க வேண்டும்: ஆறு டீமுக்கும் பொதுவான டெஸ்ட் டேட்டாவும் ஆட்டோமேஷன் முறையும் அவர் பொறுப்பு. பதவியைச் சொல்லாமல் ஆட்களை மட்டும் பிரித்தால், மூன்று மாதத்தில் நல்ல டெஸ்டர்கள் இரண்டு பேர் பெங்களூருக்கு டிக்கெட் எடுத்துவிடுவார்கள்.

டீம்களுக்கு ஸ்குவாட், ட்ரைப் என்றெல்லாம் பெயர் வைக்க யாராவது யோசனை சொல்வார்கள். அவை 2012-ல் ஸ்பாட்டிஃபை பற்றி வந்த ஒரு கட்டுரையால் உலகம் சுற்றிய பெயர்கள். இது அன்றைய நிலையின் ஒரு படம்தான், பயணம் இன்னும் முடியவில்லை என்று எழுதியவர்களே அதில் சொல்லியிருந்தார்கள். பில்லிங் டீம் என்று கூப்பிட்டாலே போதும்.

சரி, மைக்ரோசர்வீஸுக்கு வருவோம்.

நெட்ஃபிளிக்ஸ் பேச்சை எம்.டி. எடுத்தால் முழுக் கதையையும் சொல்லுங்கள். 2008 ஆகஸ்ட்டில் அவர்களுடைய டேட்டாபேஸ் கெட்டுப்போய் மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் நின்றார்கள். அதன் பிறகுதான் கிளவுடுக்கு மாறும் வேலை தொடங்கியது, 2016 ஜனவரியில்தான் முடிந்தது. அவர்களுக்கு அந்த வலியும் இருந்தது, ஏழு வருஷம் செலவழிக்கும் வசதியும் இருந்தது. செக்மென்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கதை உங்களுக்கு இன்னும் பக்கம். வாடிக்கையாளர் டேட்டாவை வெளிக் கருவிகளுக்கு அனுப்பும் வேலையைக் கருவிக்கு ஒரு சர்வீஸாக உடைத்து 140-ஐத் தாண்டிப் போனார்கள். மூன்று இன்ஜினியர்கள் தங்கள் நேரத்தில் பெரும்பகுதியை அது விழாமல் பார்த்துக்கொள்வதிலேயே செலவிட்டார்கள். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே சர்வீஸாகத் திரும்பச் சேர்த்ததை 2018-ல் வெளிப்படையாக எழுதினார்கள்.

உங்கள் நிரலில் என்ன நடக்கும் என்று பாருங்கள். இன்று ஒரு பில் சேவ் ஆகும்போது பில் டேபிளில் ஒரு வரிசை ஏறுகிறது, ஸ்டாக் டேபிளில் எண்ணிக்கை குறைகிறது. இரண்டும் ஒரே டிரான்சாக்ஷன். ஏதாவது தவறினால் இரண்டும் நடக்காது. பில்லிங், ஸ்டாக் இரண்டையும் தனித்தனி சர்வீஸாக, தனித்தனி டேட்டாபேஸாக ஆக்கிவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். பில் ஏறி, நடுவில் நெட்வொர்க் விக்கினால் ஸ்டாக் குறையாது. அதைக் கண்டுபிடிக்க ஒன்று, திரும்ப முயல ஒன்று, இரண்டு தடவை குறையாமல் தடுக்க ஒன்று என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். இந்த வலி உங்களுக்குப் புதிதல்ல. இ-இன்வாய்ஸ் போர்ட்டலுக்கு அனுப்புகிறீர்கள், பதில் வராமல் டைம்அவுட் ஆகிறது, திரும்ப அனுப்பினால் 'ஏற்கெனவே ஐஆர்என் (பில்லுக்கான பதிவு எண்) போட்டாகிவிட்டது' என்று டூப்ளிகேட் எர்ரர் வருகிறது. அங்கே மறுமுனை அரசாங்கத்துடையது, வேறு வழியில்லை. அதே தலைவலியை உங்கள் சொந்த பில்லுக்கும் சொந்த ஸ்டாக்குக்கும் நடுவில் ஏன் நட்டுவைக்க வேண்டும்?

அந்த ஒன்றை மட்டும் தனியாக எடுக்கலாம். இ-இன்வாய்ஸ் போர்ட்டலோடு பேசும் பகுதி. போர்ட்டல் மெதுவானால் உங்கள் பில்லிங் ஸ்கிரீனும் தொங்கக் கூடாது, அதற்கென ஒரு க்யூ, மறுமுயற்சி, தனி கண்காணிப்பு எல்லாம் வேண்டும். தனி சர்வீஸுக்கு நியாயமான காரணம் இது. ஆர்க்கிடெக்டிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள். அவர் திறமையும் தெரியும், முப்பதில் ஒன்றுக்கு எவ்வளவு நாள் பிடிக்கிறது என்பதும் தெரியும்.

மற்றதெல்லாம் ஒரே ரெப்போவில், ஒரே டெப்ளாயாக இருக்கட்டும். உள்ளே மட்டும் சுவர் எழுப்புங்கள். ஆன்லைன் கடைகளுக்கு மென்பொருள் தரும் ஷாப்பிஃபை தன் மிகப் பெரிய ரூபி மொழி நிரலை உடைக்காமல், தொழில் பகுதிவாரியாக உள்ளேயே பிரித்து, எல்லை மீறலைக் காட்டிக்கொடுக்கும் பேக்வெர்க் என்ற கருவியை 2020-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. உங்களுக்கும் அந்த வழி பொருந்தும். இப்போது கன்ட்ரோலர், சர்வீஸ், மாடல் என்று அடுக்குவாரியாக ஃபோல்டர்கள் இருக்கும் என்று நினைக்கிறேன். அவற்றைப் பில்லிங், ஸ்டாக், வசூல் என்று மாற்றுங்கள். ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரே ஒரு டீம் சொந்தக்காரர். பில்லிங்கின் டேபிளை ஸ்டாக் நிரல் நேராகத் தொட்டால் பில்ட் (நிரலைத் தொகுக்கும் வேலை) ஃபெயிலாக வேண்டும். ரிப்போர்ட்டுகளுக்கு மட்டும் சலுகை கொடுக்க வேண்டியிருக்கும், அவை எல்லா டேபிளையும் கேட்கும். படிக்க மட்டும் ஒரு ரெப்ளிகா (டேட்டாபேஸின் நகல்), அதில் ஒவ்வொரு டீமும் தன் பங்குக்குத் தரும் வியூக்கள், அவ்வளவுதான்.

ஆரம்பிக்க நல்ல இடம் அந்த 1000-தான். இப்போது நான்கு இடத்திலும் 2500 என்று மாற்றி வைத்திருப்பீர்கள். நோய் அப்படியேதான் இருக்கிறது. வரி விகிதத்தை ஒரு டேபிளாக்குங்கள்: பொருள் வகை, எந்த விலை வரை, எத்தனை சதவீதம், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை. தேதி ஏன் முக்கியம் என்று உங்கள் ஆடிட்டர்களே சொல்லியிருப்பார்கள். செப்டம்பர் 10-ம் தேதி 1800 ரூபாய் சட்டைக்கு 12 சதவீதம் போட்டு பில் அடித்து, அது அக்டோபரில் திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டில் 12-தான் வர வேண்டும், இன்றைய 5 அல்ல. இந்த டேபிளைப் பில்லிங் டீம் மட்டும் வைத்திருக்கும். ஸ்கிரீன், ஸ்டாக், ஆப், டெஸ்ட் ஸ்கிரிப்ட் எல்லாம் 'இந்தத் தேதியில் இந்தப் பொருளுக்கு என்ன விகிதம்' என்று ஒரே ஃபங்ஷனைக் கேட்க வேண்டும். அந்த நான்கு நகலையும் அழிப்பதுதான் புது பில்லிங் டீமின் முதல் வேலை.

இனி உங்கள் பேக்எண்ட் லீட். அவர் தடையாக நிற்கிறார் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அவர் சொல்வதில் பாதி சரியென்றுதான் படுகிறது, முப்பதாக உடைப்பதை அவர் எதிர்ப்பது உட்பட. மீதிப் பாதி பயம். எல்லோரும் தன்னைத் தேடி வருவதுதான் அவருக்கு இந்த நிறுவனத்தில் இருக்கும் இடம். 18 பேரை ஐந்தாகப் பிரித்தால் அந்த இடம் என்ன ஆகும்? பதில் சொல்லாமல் விட்டால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். நானாக இருந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அவரைத் தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள், ஆர்க்கிடெக்ட் இல்லாமல். டீம்களுக்கு நடுவில் சுவர் எங்கே வர வேண்டும், எந்த டேபிள் யாருக்கு என்ற வரைபடத்தை அவர் கையால் போடச் சொல்லுங்கள். எந்த டேபிளை எது தொடுகிறது என்பது அவரைப் போல வேறு யாருக்கும் தெரியாது, புதிதாக வந்தவருக்கு அதைக் கண்டுபிடிக்கவே அரை வருஷம் ஆகும். டீம் லீட் பதவியை அவர் மேல் திணிக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு அவருக்கு எந்த டிக்கெட்டும் இல்லை, டீம் டீமாக உட்கார்ந்து தெரிந்ததைக் கைமாற்றுவதுதான் வேலை என்று வையுங்கள், சம்பளமும் பதவியும் குறையாமல். யாராவது அவரிடம் கேள்வியோடு வந்தால், அந்தப் பகுதிக்குப் பொறுப்பான டீமிலிருந்து ஒருவர் கூட இருக்க வேண்டும், பதிலை அந்த டீம்காரர் எழுதி வைக்க வேண்டும். முதல் மாதம் எல்லோருக்கும் எரிச்சலாக இருக்கும்.

ஆறு டீமையும் ஒரே நாளில் அறிவிக்காதீர்கள். பில்லிங் டீமை மட்டும் முதலில் அமையுங்கள், மற்றவர்கள் பழையபடி ஓடட்டும். அடுத்த சட்ட மாற்றமோ விகித மாற்றமோ வரும்போது அது எத்தனை பேரின் பட்டியலில் காத்துக் கிடந்தது என்று பழைய போர்டோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் அடுத்து ஸ்டாக். குறையவில்லை என்றால் கோடு தப்பாக விழுந்திருக்கிறது, ஒரு டீமோடு போயிற்று, திருத்தலாம்.

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. மார்ச் கடைசியில் இதில் கை வைக்க வேண்டாம். ஏப்ரல் 1-ல் உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் புது நிதியாண்டுக்குப் புது பில் நம்பர் வரிசை தொடங்குவார்கள், 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி வரி கட்டும் 3பி ரிட்டர்ன். அதெல்லாம் ஓய்ந்த பிறகு, 21-க்கு மேல் ஒரு திங்கட்கிழமை பில்லிங் டீம் ஒன்றாக உட்காரட்டும். அதற்குள் டெஸ்டிங் ஹெட்டோடும் பேக்எண்ட் லீடோடும் தனித்தனியாகப் பேசி முடித்துவிடுங்கள்.